குருநாதன் சித்தப்பாவின் மோட்டார் படகு

மானகிரிக் கண்மாய்க் கரையில், ஒரு புளியமரத்தடியில், தண்ணீரையே பாராமல் இரண்டு வருஷம் கிடந்தது குருநாதன் சித்தப்பாவின் மோட்டார் படகு. உல்லாசமாகச் சுற்றிவர ரங்கூனிலிருந்து அதை வரவழைத்த செட்டியார், நாலு நாளில் சலித்துப்போய், தம் கார் டிரைவரான சித்தப்பாவுக்கே கொடுத்துவிட்டார்.

அதன்பிறகு மழை இல்லை. காய்ந்தால் பலகைகள் சுருங்கி இடுக்கு விடும். அப்புறம் படகு மிதக்காது. சித்தப்பா குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, பஞ்சுத் திரியில் தோய்த்து இடுக்குகளில் அடைத்தார். அந்திதோறும் படகுக்குள் சாக்கை விரித்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். பிறகு இஞ்சினைத் துடைத்தபடி அதிலேயே உட்கார்ந்திருப்பார். மரத்தின் நிழல் அலைபோல அவர்மேல் அசையும்.

"ஊரெல்லாம் தண்ணியில படகை விடுறாக. நீங்க படகுல தண்ணியை விடுறீக," என்பாள் நாகவல்லி சித்தி.

கிணறு வற்றியதும், "இனிமே குடிக்க, பொழங்கத்தான் தண்ணி. குடத்தைத் தொடாதீக," என்று சொல்லிவிட்டாள். சித்தப்பா தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டார். காலையில் போய்ச் சாக்கைத் தொட்டுப் பார்ப்பார். அது ஈரமாகவே இருக்கும். பனி என்று நினைத்துக்கொள்வார்.

நான் பி.ஏ. தேறி வந்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்தது. படகை இறக்கினோம். ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. சாக்கை எடுத்து உதறியபோது சவுக்கார மணம் வீசியது. சித்தப்பா கரையில் நின்ற சித்தியைப் பார்த்தார்.

"துணி அலசுன தண்ணிதானே. கீழ ஊத்துறதை அதுல ஊத்துனேன்," என்றாள் அவள்.

"ஏறு," என்றார் சித்தப்பா.

நடுக் கண்மாயில் இஞ்சின் நின்றுபோனது. சித்தப்பா ஸ்பேனரை எடுத்தார்.

"இருக்கட்டும். கொஞ்ச நேரம் இப்பிடியே கெடப்போம்," என்றாள் சித்தி, தண்ணீரில் கையை விட்டபடி.