பல் குழியும் ஒரு நுங்கும்

போன வருடம் எனது கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்க வேண்டி வந்தது. குழியை வெறுமையாக விட்டால் தாடை எலும்பு கரைந்துவிடும், பிறகு புதுப் பல் பொருத்த இடமிருக்காது என்று, பல் வைத்தியர் அதற்குள் எலும்புத் தூளை நிரப்பித் தையல் போட்டார். “ஸ்ட்ரோவாலை உறிஞ்சக் கூடாது அம்மா. மெத்தெண்ட, குளிர்ந்த சாப்பாடா எடுங்கோ” என்று சொல்லி, அறிவுரைத் தாளொன்றும் தந்தார்.

மூன்றாம் நாள் கணவர் நுங்கு கொண்டுவந்தார். “குளிர்ச்சியா இருக்கும், குடியும்” என்றார். மெத்தென்றது, குளிர்ந்தது, ஸ்ட்ரோவும் இல்லை. பெருவிரலால் நுங்கின் கண்ணைக் குத்தி, வாயை வைத்து ஒரே மூச்சில் உறிஞ்சினேன். வாய் உப்புக் கரித்தது. துப்பினால் இரத்தத்தோடு மணல்போல வெள்ளைத் துகள்கள்.

துணியைக் கடித்தபடி வைத்தியரிடம் ஓடினேன்.

“என்ன குடிச்சனீங்கள்?”

“நுங்கு.”

“நல்லகாலம், பாதிக்கு மேலை மிச்சமிருக்கு” என்று மீண்டும் நிரப்பித் தைத்தார். பிறகு பேனையை எடுத்து, தனது அறிவுரைத் தாளில் ‘ஸ்ட்ரோ’வுக்குப் பக்கத்தில் ‘நுங்கு’ என்று எழுதிச் சேர்த்தார்.

ஐந்து மாதத்தின் பின் எக்ஸ்ரேயைப் பார்த்து, “எலும்பு நல்லா இறுகி வளந்திருக்கு” என்றார். இன்று அந்த எலும்பில் அசையாத பல்லொன்று நிற்கிறது. அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலை நான் கடிக்கும் சத்தம், குசினியில் சமைப்பவர் வரை கேட்கிறதாம்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பெயர் சொல்லிக் கேட்காமல் எந்த வைத்தியரிடமிருந்தும் எழும்புவதில்லை. சென்ற மாதம் கணவருக்குப் பல் பிடுங்கியபோது, “பனம்பழம் சூப்பலாமோ டொக்டர்?” என்று கேட்டேன்.

வைத்தியர் அறிவுரைத் தாளை இழுத்து வைத்து, பேனையை எடுத்தார்.