எகிப்து பார்த்த ஐயாக்கண்ணு

மலைமேல் இருக்கும் மாரமங்கலத்து ஐயாக்கண்ணு குழி வெட்டுவதில் கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் முதல் உலக யுத்தத்தின்போது பட்டாளத்துக் கூலியாட்களோடு அவரை எகிப்துக்குக் கப்பலேற்றியது. சேலத்தையே சரியாகப் பார்க்காத மனுஷர்!

நைல் நதியின் கழிமுகத்தில் பதுங்குகுழி வெட்டும்போது, நடுவில் ஓட்டை போட்ட களிமண் உருண்டைகள் கூடைகூடையாக வந்தன. கொல்லையில் குருவி விரட்டும் கவண் உருண்டை என்றே அவர் நினைத்தார். மலைக்காரருக்கு வேறென்ன தோன்றும்? கூட வேலை செய்த கடலோரத்து ஆள் சிரித்துவிட்டான். அவை மீன்வலையில் கட்டும் குண்டுகள். எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன் நைலின் ஒரு கிளை அந்த மணலில்தான் ஓடியதாம். ஆறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. பழைய தடம் மண்மூடி, கரையிலிருந்த ஊரும் காலியானது.

ஊர் திரும்பியவர் இந்தக் கதையை அக்கா குப்பாயியிடம் எத்தனை தடவை சொன்னாரோ! அக்காவின் வீடு வெள்ளைக்காரத் துரையின் காப்பி எஸ்டேட்டுக்குக் கீழே, ஓடைக்கரையில் இருந்தது.

“அப்புறம் அந்த ஆறு வரவே இல்லியா கண்ணு?”

“வரலீங்க்கா. ஒருக்கா தடம் மாறுனா மாறுனதுதான்.”

இப்படிச் சொன்ன அதே வாய்தான், இரண்டு வருஷம் கழித்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் “சரிங்க” என்றது. காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் மெஷினுக்குத் தண்ணீர் வேண்டும், ஓடையைத் திருப்பு என்பது துரையின் உத்தரவு.

“ரெண்டே மாசம். பழம் முடிஞ்சதும் அடைச்சுடலாம்” என்றார் ரைட்டர்.

ஐயாக்கண்ணு நம்பினார். நம்ப ஆசைப்பட்டார் என்பதே சரி. மேஸ்திரி வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்களே! ஓடையைத் திருப்பும் வாய்க்காலுக்கு அத்தனை ஆழம் வேண்டியதில்லை. ஆனால் கெட்டிக்காரர் அல்லவா, ஆழமாகவே வெட்டினார்.

அடுத்த மழையில் வெள்ளம் அந்த வாய்க்காலை இன்னும் அரித்தது. ஓடை மொத்தமும் அதில் இறங்கி மறுபக்கச் சரிவுக்குப் போய்விட்டது. அடைக்கப் போட்ட கல்லையும் மண்ணையும் தண்ணீர் மூன்று தடவை அடித்துக்கொண்டு போனது. கீழே கரையிலிருந்த நாலு குடும்பமும் மூட்டை கட்டின.

குப்பாயி கிளம்பும் முன் தன் துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். துணி அடித்து அடித்து வழவழத்த கல். சுற்றிலும் பொட்டுத் தண்ணீர் இல்லை.

“ஊடு போனதுகூட நொம்பப் பெருசில்ல கண்ணு. இப்படித்தான் ஆவும்னு இந்த மலையிலயே தெரிஞ்ச ஒரே ஆளு நீதான?”

கல்லையாவது தூக்கி வருகிறேன் என்றார்.

“கெடக்கட்டும். பின்னால தோண்டுறவன் இது எதுக்குன்னு கேப்பான்.”

ஐயாக்கண்ணு அதன்பின் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தார். எகிப்தைப் பற்றி யார் கேட்டாலும், “மறந்து போச்சுங்க” என்பார்.