பால் கொண்டுவரச் சொன்ன காலை

மலாயாவில் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த காலத்தில், நோயாளிகளைவிட அவர்களுடைய சொந்தக்காரர்களைச் சமாளிப்பதுதான் எனக்குப் பெரும்பாடு.

ரப்பர் மரம் சீவுகிற ஒருவர் குளிர்காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தார். ஒரு காலை காய்ச்சல் விட்டது, கண் திறந்தார். ஆனால் துரும்பாகியிருந்தார். உள்ளே ஏதாவது போனால்தான் பிழைப்பார் என்று, எங்களுக்கு டாக்டர் மாதிரி இருந்த டிரசர் ஐயா என்னிடம் சொன்னார். அதை நோயாளியின் மனைவியிடமும் சொல்லியிருக்கலாம். அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "பால் கொண்டாந்து நீயே வாயில ஊத்தும்மா."

ஐயா ஈப்போ டவுனில் வளர்ந்தவர், தோட்டத்து வழக்கம் தெரியாது. தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் எங்கள் லயங்களில் உயிர் பிரியப்போகிறவருக்குத்தான் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு வாய் பால் ஊற்றுவார்கள். அவள் நேராகச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பப் போய்விட்டாள். மதியம் பார்த்தால் வராந்தா முழுக்க ஆட்கள். கொழுந்தனார்கள், பங்காளிகள், பக்கத்துத் தோட்டத்து நாத்தனார். பெண்கள் தலையை விரித்துப் போட்டிருந்தார்கள்.

அவள் கரண்டியில் பாலை எடுத்ததும் அவர் கட்டிலைச் சூழ்ந்து நின்ற எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். பால் கடைவாயில் வழிந்தது.

"அவருக்கே தெரிஞ்சுபோச்சுக்கா," என்றாள்.

"என்னடி தெரிஞ்சுபோச்சு? அது சாப்பாடு. குடிச்சா பொழைப்பாரு."

"எனக்காகச் சொல்றீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிழைக்கவேண்டிய மனுஷனை இத்தனை பேர் சேர்ந்து அனுப்பிவைக்கிறார்களே! எல்லாரையும் வராந்தாவுக்கு விரட்டிக் கதவைச் சாத்தினேன். எனக்கென்று வைத்திருந்த கடுங்காப்பியை அந்தப் பாலில் அப்படியே கவிழ்த்தேன்.

"சாகப்போறவனுக்கு எவளாச்சும் காப்பி ஊத்துவாளா? இப்பக் குடு."

ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, "எதுவா இருந்தா என்ன, உள்ள போனா சரி," என்று போய்விட்டார்.

அவள் கரண்டியை அவர் வாயருகே கொண்டுபோனாள். வாசனை பட்டதும் அவர் மூக்கு விரிந்தது. பல் மெல்லப் பிரிந்தது. ஒரு வாய் இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது. மூன்றாவதுக்கு முகத்தைச் சுளித்தார்.

"கசக்குது புள்ள. இன்னும் கொஞ்சம் பால் ஊத்து."

அவள் ஓவென்று அழுதுவிட்டாள். அதைக் கேட்டு வராந்தாவில் ஒப்பாரி தொடங்கியது.

"யாரு போயிட்டா?" என்று அவர் என்னைக் கேட்டார்.