மழைநீருக்கு அடியில்

பாலாவி உப்பளத்தில் பதினோரு வருசமாக உப்பு வாரும் ஸுலைஹாவுக்கு, மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி டொக்டர் சொன்ன கணக்கு மனப்பாடம். எட்டு வயது மகள் ஸம்ஹாவுக்கு எலும்பு மச்சையில் பிறக்கும் கடும் இரத்தப் புற்றுநோய். மருந்து நாலு சுற்று. முதல் சுற்றிலேயே கெட்ட அணுக்கள் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இறங்கியது நல்ல அறிகுறிதான். ஆனால் அதோடு நிறுத்தினால் நோய் திரும்பி வரும். நாலையும் முடித்தால் பத்துப் பிள்ளைகளில் ஆறு பிழைக்கும். மற்ற நாலில் சிலரை நோய் கொண்டுபோகும், சிலரை மருந்துக்குப் பின்னால் வரும் காய்ச்சல் கொண்டுபோகும்.

2013இல் மூன்றாம் சுற்று முடிந்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். வெள்ளை அணு இன்னும் ஏறவில்லை. கையில் ஒரு கடிதம்: காய்ச்சல் நூறைத் தாண்டினால் பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும்.

நோய் விசாரிக்க யாரும் உள்ளே வராமலிருக்க, கணவன் நெய்னார் வாசல் படலையில் உப்பு மூட்டைக் கயிற்றைக் கட்டினான். ஆனால் அவனுடன் பிறந்த மூத்தவள், ரம்ஸியா ராத்தாவை எந்தக் கயிறு தடுக்கும்? பெருநாள் மறுநாள் பகல் பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தோடு வந்துவிட்டாள்.

ஸுலைஹா கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தபோது, ஸம்ஹா சுருண்டு கிடந்தாள். கால் சில்லிட்டிருந்தது. பிடரியில் வியர்வை. காய்ச்சல்மானி தொண்ணூற்றெட்டைக் காட்டியது.

"பாத்தியா, ஒண்ணுமில்ல" என்றாள் ரம்ஸியா.

"மைனி, என்னமும் குடுத்தீங்களா?"

"கொஞ்சம் ஒடம்பு சுட்டிச்சு புள்ள. பெருநாளும் நாளுமா நீ பதறுவாய்ண்டு ஒரு பெனடோல் குளிச குடுத்தன். இப்ப எறங்கிட்டுத்தானே?"

பெனடோல் சூட்டைத்தான் இறக்கும் என்று ஸுலைஹாவுக்குத் தெரியும்; உப்பளத்திலும் இப்படித்தான். மழை விட்ட காலையில் புதிதாக வரும் மேற்பார்வையாளர்கள் பாத்தியின் மேல்நீரில் செறிவு பார்த்துவிட்டு, உப்புநீர் கெட்டுப்போச்சு, திறந்துவிடு என்பார்கள். மழைநீர் மேலே மிதக்கும். கனத்த உப்புநீர் அடியில் அப்படியே கிடக்கும். அடியிலிருந்து கோப்பையில் எடுத்துக் காட்டுவது அவள்தான்.

"முச்சக்கரத்த எடுங்க" என்றாள்.

நெய்னார் தயங்கினான். "தொண்ணூத்தெட்டோட போனா சிரிப்பாங்க. கொஞ்சம் பொறுத்துப் பாப்பமே."

"சிரிக்கட்டும். நீங்க எடுக்காட்டி நான் புள்ளயத் தூக்கிட்டு ரோட்டுக்குப் போவன்."

புத்தளம் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் அப்போதும் தொண்ணூற்றொன்பதுதான். அவள் கடிதத்தை மேசையில் வைத்தாள், பக்கத்தில் ஒரு குளிசை குறைந்த பெனடோல் அட்டையையும் வைத்தாள். டொக்டர் இரண்டையும் பார்த்தார், பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்தார், ஊசிக்கு எழுதினார். ஊசி ஏறி முடியுமுன்னே ஸம்ஹா கட்டில் கிடுகிடுக்க நடுங்கினாள். நூற்று மூன்று. இரத்தத்தில் கிருமி.

அன்றே மஹரகமவுக்கு அனுப்பினார்கள். நாலு நாள் ஸுலைஹா கதிரையில் இருந்தபடியே தொழுதாள்; பிள்ளையின் கையை விடவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. வெள்ளை அணு ஏற இன்னும் இரண்டு கிழமை. பிறகுதான் நாலாம் சுற்று.

அதுவும் முடிந்து வீட்டுக்கு வந்த கிழமை, ரம்ஸியா படலைக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வரல்ல புள்ள. கயித்துக்கு இஞ்சால நிண்டு பாத்துட்டுப் போறன்."

ஆறிலா நாலிலா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. மூன்று வருசம் பார்க்க வேண்டும் என்றிருந்தார் டொக்டர். முடியில்லாத தலையை ஜன்னலால் நீட்டி ஸம்ஹா கத்தினாள்:

"மாமி, வெறுங்கையோடயா வந்தீங்க?"