நான்கு கட்டம் போட்ட தாள்

யூனிட் சீஃப் டாக்டர் எக்ஸ்ரேயை லைட் பாக்ஸில் மாட்டினார். செல்லத்துரையின் இடது காலில், முழங்காலுக்குக் கீழே, புது எலும்பு வெள்ளையாக நிறைந்திருக்க வேண்டிய இடத்தில் நூல் மாதிரி ஒரு நிழல்தான் இருந்தது. ஏழு வாரம் வீண். அந்தக் காலுக்குப் பொறுப்பாக இருந்த நர்ஸ் நான். எங்கள் ஆர்த்தோ வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

செல்லத்துரை பொன்முடிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர். தேயிலைக் கொழுந்து ஏற்றிய வண்டி வளைவில் கவிழ்ந்து கால் எலும்பு நொறுங்கியது. காயத்தில் சீழ் வைத்துவிட்டதால் செத்த எலும்பை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த பிறகு ஆறு சென்டிமீட்டர் இடைவெளி.

அவ்வளவு பெரிய இடைவெளியை நிரப்ப ரிங் ஃபிக்ஸேட்டர் போடுவோம். காலைச் சுற்றி வளையங்கள், எலும்பைத் துளைத்துச் செல்லும் கம்பிகள். மேலே நல்ல எலும்பை ஓரிடத்தில் அறுத்து, அந்தத் துண்டை மெதுவாகக் கீழே நகர்த்துவோம். அது நகர நகர, பின்னால் புது எலும்பு உண்டாகும். நகர்த்துவது ஒரு நட்டு. ஸ்பானரால் கால்வாசிச் சுற்று திருப்பினால் துண்டு கால் மில்லிமீட்டர் நகரும். நாளுக்கு நான்கு முறை, இடைவெளி விட்டுத் திருப்ப வேண்டும். மொத்தமாக ஒரே நேரத்தில் இழுத்தால் புது எலும்பு சரியாகப் பிடிக்காது.

“ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் மதி. கூடுதலும் வேண்டா, கொறவும் வேண்டா,” என்று மலையாளியான சீஃப் தனக்குத் தெரிந்த தமிழில் அவர்களிடம் சொன்னார்.

செல்லத்துரைக்கு வலது மணிக்கட்டும் உடைந்திருந்தது. ஸ்பானர் பிடிக்க முடியாது. எனவே அவர் மனைவி பாக்கியத்துக்கு நட்டுத் திருப்பக் கற்றுக்கொடுத்தேன். இரண்டே நாளில் என்னைவிடச் சுத்தமாகத் திருப்பினார்.

2. தமிழில் ஒரு தாள்

வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் கொடுக்கும் குறிப்பு மலையாளத்தில் இருந்தது. பாக்கியத்துக்காக நான் தமிழில் ஒன்று தயாரித்தேன். நாளுக்கு நான்கு கட்டம்: காலை ஆறு, பகல் பதினொன்று, மாலை நான்கு, இரவு ஒன்பது. திருப்பியதும் டிக் போட வேண்டும். சீஃப் அதைப் பார்த்துவிட்டு எல்லாத் தமிழ் நோயாளிகளுக்கும் இதையே கொடுக்கச் சொன்னார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நானும் அதே மலையில் வேறோர் எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் சம்பள நோட்டில் கைநாட்டு வைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

டிஸ்சார்ஜ் அன்று தாளை வாங்கிப் பார்த்த பாக்கியம், “சிஸ்டர், பகல்ல வந்து...” என்று தொடங்கினார்.

நான் முடிக்க விடவில்லை. “அக்கா, நானும் லயத்துப் பிள்ளதான். நான் படிச்சு வரலியா? நாலு கட்டம், நாலு டிக். ஒங்களால முடியும்.”

அவர் தலையை ஆட்டினார். லயத்துப் பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும், அதையும் யோசித்துத்தான் போட்டிருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

3. மொழிபெயர்ப்பு

ஒரு டிக் விடாமல் நிரம்பிய தாள்களுடன் அவர்கள் ரெவ்யூவுக்கு வந்தார்கள். எக்ஸ்ரே எடுத்துவர அனுப்பிவிட்டு, அந்தத் தாள்களை மற்ற நோயாளிகளிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளின் நான்கு டிக்கும் ஒரே வீச்சில் போட்டவை என்பதைக் கவனிக்கவில்லை.

எக்ஸ்ரேயைப் பார்த்த சீஃப், எப்படித் திருப்பினார்கள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“காலைல அஞ்சரைக்கு நாலையும் திருப்பி வச்சிட்டுத்தான் மலைக்குப் போவேன், சிஸ்டர்,” என்றார் பாக்கியம். ஒளிக்க ஏதுமில்லாதவர் சொல்வது போலச் சொன்னார். அந்த நேரத்தில் இவர் வலியில் கத்துவார், அது அப்படித்தான் போல என்று இருந்துவிட்டோம் என்றும் சொன்னார்.

டிஸ்சார்ஜ் அன்று அவர் கேட்க வந்தது எனக்கு அப்போது விளங்கியது. நாலு டிக் என்று நான் சொன்னதை, எப்படியாவது நாலும் ஆனால் போதும் என்று எடுத்துக்கொண்டிருந்தார். காலையில் மஸ்டருக்கு, வருகைப் பதிவுக்கு, போனால் மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகுதான் திரும்ப முடியும். பகலில் லயத்தில் மற்ற வீடுகளும் பூட்டிக் கிடக்கும், திருப்பிவிட ஆள் இருக்காது. அவர் வேலைக்குப் போகாமலிருக்கவும் முடியாது. கணவர் படுக்கையில், பாக்கியத்தின் பெயரும் மஸ்டரில் இல்லாமல் போனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பூட்டிய வீட்டு வாசலில் அம்மாவுக்காகக் காத்திருந்து வளர்ந்தவள் நான். பகல் பதினொன்றுக்குக் கட்டம் போட்டதும் நான்தான்.

சீஃப் ஓபி வரிசை முழுக்கக் கேட்கும்படி மலையாளத்தில் திட்டினார். அதைத் தமிழில் பாக்கியத்திடம் சொல்லும்படி என்னிடம் சொன்னார். சொன்னேன். உன் அலட்சியத்தால் புருஷன் காலைக் கெடுத்துவிட்டாய் என்பதுவரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். பாக்கியம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்த பார்வை அது. நான் சொல்லவில்லை. உடனிருப்பவர் அறிவுரையைப் பின்பற்றவில்லை என்று சீஃப் சொல்லச் சொல்ல, கேஸ் ஷீட்டில் என் கையால் எழுதினேன்.

4. வளையம் கழற்றிய நாள்

நகர்த்திய துண்டைப் பின்னுக்குத் தள்ளி, காத்திருந்து, மறுபடி தொடங்கினோம். இம்முறை செல்லத்துரை மனைவியை நட்டைத் தொட விடவில்லை. விழிஞ்ஞத்திலிருந்து அவர் தங்கை வந்து தங்கித் திருப்பினார். கடைசியில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைத்த எலும்பு ஒட்டும் தேவைப்பட்டது. ஒரு வருடத்துக்குள் கழற்ற வேண்டிய வளையம் ஒன்றரை வருடம் இருந்தது. கால் இரண்டு சென்டிமீட்டர் குட்டை.

இடையில் ஒருநாள் சீஃபிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னையே கேஸ் ஷீட்டில் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதற்கே எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.

வளையம் கழற்றிய அன்று டிரெஸ்ஸிங் ரூமில் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். அக்கா அன்றைக்குக் கேட்க வந்தார், நான்தான் கேட்க விடவில்லை என்று.

செல்லத்துரை மனைவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “அப்ப இவ சொன்னது நெசந்தானா? படிச்ச பிள்ள அப்படிச் செய்யாதுன்னு நான் இவளத்தான் ஏசினேன்.”

பாக்கியம் ஊன்றுகோலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “எலும்ப வளத்துக் குடுத்துட்டீங்க, சிஸ்டர். ஒரு வருசத்துக்கு மேலா இவரு எங்கிட்ட முகங்குடுத்துப் பேசல. அதுக்கு யாருகிட்டப் போய்க் காட்ட?”

கழற்றிய வளையங்களை எடுத்து டிரேயில் வைத்தேன்.

இப்போது எங்கள் தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே, அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் பெயரை எழுத இடம் விட்டிருக்கிறோம். பெயர் இல்லையென்றால் நேரத்தை மாற்றுவோம். அதுவும் முடியாவிட்டால் வார்டிலேயே வைத்துக்கொள்வோம். இதைப் பழக உங்களுக்கு ஒரு வாரம் போதும்.

எனக்குத் தாமதமாகத் தெரிந்தது வேறு. தவறு உங்களுடையது என்றால், இன்னொருவர் அதற்குத் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கும்போதே, எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் கேஸ் ஷீட் மட்டும்தான் திருந்தும்.