இடது பக்கம் ஏறிய பெயர்

இது கதை இல்லை. ஐரினுக்கு நடந்தது. நம்பாதவர்கள் கன்டோன்மென்ட் பக்கம் வந்து அவளையே கேட்டுக்கொள்ளுங்கள். அவள் அழுதால் நான் பொறுப்பில்லை.

போன நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். மாலை ஐந்தரைக்குப் பூசை. சர்ச்சை ஒட்டிய சின்ன அறையில் ஐரின் திரையில் காட்டும் ஸ்லைடைத் தயார் செய்துகொண்டிருந்தாள். ஐ.டி.காரி அல்லவா, எல்லாவற்றையும் வெறும் எழுத்தாகவே அடிப்பாள். மூன்று கோலன் (:::) போட்டால் ஸ்லைடில் ஒரு பத்தி தொடங்கும், இன்னொரு மூன்று போட்டால் முடியும். இடது பத்தியில் இறந்தவர்கள். வலது பத்தியில் அவர்களுக்காக ஜெபம் கேட்பவர்கள்.

இடது பக்கம் கடைசி வரி, ஏப்ரலில் போன அம்மா மரியா. வலது பக்கம் முதல் வரி, தம்பி டெரிக். ஐரினுக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது அவன் ஒருவன்தான்.

“என் பேரு எங்கடி?” என்று எட்டிப் பார்த்தாள் ஆஞ்சலா. பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவள்.

“டெரிக்குக்குக் கீழ. போய் பிராக்டிஸ் பண்ணு, போ.”

ஆஞ்சலா சிரித்துக்கொண்டே சர்ச்சுக்குள் போனாள். குழுவில் மற்றவர்கள் யாரும் இன்னும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு தொடங்கியது.

மணி 4:30. ஐரின் ஸ்லைடைத் திறந்தாள். டெரிக் பெயர் இடது பக்கம் இருந்தது. அம்மாவுக்குக் கீழே.

கோலன் விட்டுப்போயிருக்கும் என்று எழுத்தைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சேமித்து, மறுபடி திறந்தாள்.

இடது பக்கம். டெரிக்.

4:36. மொத்தத்தையும் புதிதாக அடித்தாள். மறுபடியும் இடது பக்கம்தான்... உடனே டெரிக்குக்குப் போன் போட்டாள்.

“எங்கடா இருக்க?”

“ஒக்கலிபுரம்க்கா. செம மழை. பைக் ஸ்லிப் ஆகுது.”

“ஓரமா நில்லு! நில்லுடா!”

லைன் கட்.

4:41. அவன் வரியையே அழித்தாள். சேமித்தாள். திறந்தாள். டெரிக் பெயர் இல்லை. ஆண்டவரே என்று லேப்டாப்பை மூடினாள். மற்ற பெயர்களை அவள் பார்க்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றது.

பிறகு... ஙொய்ங்ங்ங்...

ஒரே சத்தம். விடாமல்.

கீபோர்டு மறுபடி மக்கர் என்று நினைத்துக்கொண்டாள்.

5:05. டெரிக் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான். “லாரிக்காரன் மேல ஏத்தப் பாத்தான்க்கா. மயிரிழையில தப்பிச்சேன்.” அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“அது என்னக்கா சத்தம்?”

உள்ளே ஓடினார்கள். ஆஞ்சலாவின் முகம் கீபோர்டு கட்டைகள்மேல் கிடந்தது. கை சில்லிட்டிருந்தது.

மாரடைப்பு என்றார்கள். முப்பத்திரண்டு வயதுதான்.

பூசை தாமதமாகத் தொடங்கியது. லேப்டாப்பைத் திறந்து ஸ்லைடு போட்டவன் டெரிக். பக்கத்தில் இருந்த பவுலின் ஆன்ட்டி ஐரினின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

“அதுக்குள்ள ஆஞ்சலா பேரையும் சேத்துட்டியேம்மா.”

ஐரின் நிமிர்ந்தாள்.

இடது பக்கம்... அம்மாவுக்குக் கீழே...

ஆஞ்சலா.

அவள் சேர்க்கவில்லை. யாரும் சேர்க்கவில்லை. அந்த ஃபைல் கடைசியாகச் சேமிக்கப்பட்டது 4:41க்கு. எழுத்தில் ஒரு வரியை அழித்தால், அதற்குக் கீழே உள்ள வரி மேலே ஏறிவிடும்.

இதை ஐரின் டெரிக்கிடம் இன்றுவரை சொல்லவில்லை.