மூன்றாவது வரியில் ஒரு கைநாட்டு

அந்தக் காகிதங்களை வெள்ளம் கொண்டுபோகவில்லை. நான்தான் ஆற்றில் விட்டேன். தெரிந்தே விட்டேன்.

ஊருக்குள் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நாலு பேர் சேர்ந்து நின்று என் முகத்தைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற பிறவி நான். உங்களை எனக்குத் தெரியாது. உங்களுக்கும் என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. மன்னிக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். நீங்கள் கேட்டுக்கொண்டால் போதும்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். திசையன்விளையில் பிறந்து சீவலப்பேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஐம்பத்திரண்டு வயதாகிறது. வீட்டுக்காரர் கொத்தனார். அவருடைய அப்பா, அதாவது என் மாமனார், வைத்திருந்த காகிதங்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிதில் டெல்லியில் அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள் அல்லவா? அப்போது எங்கள் தெருவிலிருந்து ஒரு கடிதம் அங்கே போயிருக்கிறது. எழுதியவர் என் மாமனாரின் அப்பா. தெருவில் அவர் ஒருவருக்குத்தான் எழுதத் தெரியும். மற்றவர்கள் எல்லாம் வயல் வேலைக்காரர்கள், கைநாட்டு வைக்கிறவர்கள். அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். புதிதாக எழுதுகிற சட்டத்தில், கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கும் ஓட்டு உண்டா?

அதோடு சேர்த்து அனுப்ப ஒரு தாள் நிறையக் கைநாட்டு வாங்கினார்களாம். பெயரை அவர் எழுத, பக்கத்தில் அவரவர் பெருவிரல். ஆனால் தபாலில் சேர்க்கிற அன்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. தாள் எப்படியாவது வயலுக்குச் சொந்தக்காரரான பெரிய வீட்டுக்காரர் கையில் சிக்கினால், இத்தனை பேருக்கும் மறுநாள் வயலில் வேலை இல்லை! போனால் என் தலையோடு போகட்டும் என்று தன் பெயரை மட்டும் போட்டு, பாளையங்கோட்டைக்கு நடந்தே போய்த் தபாலில் சேர்த்தார். கைநாட்டுத் தாள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

கொஞ்ச நாளில் டெல்லியிலிருந்து பதில் வந்தது. இங்கிலீஷில் அடித்த இரண்டு வரி. கடிதம் கிடைத்தது, உரியவர்களின் பார்வைக்கு வைக்கப்படும் என்று அர்த்தமாம்.

அந்தப் பதிலையும் கைநாட்டுத் தாளையும்தான் என் மாமனார் ஒரு பாலிதீன் பையில் போட்டுத் தலையணை உறைக்குள் வைத்திருந்தார். யாருக்கும் காட்டியதில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தாராம். அந்தப் பயம் அப்பாவோடு போகாமல் மகனிடம் வந்து சேர்ந்திருந்தது.

படுக்கையில் விழுந்த பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்.

"எம் மவன்கிட்ட சொன்னா டீக்கடையில போய்ப் பேசிருவான். நீ வாயத் தொறக்காதவ. அதான் ஒங்கிட்ட குடுக்கேன்."

என் கூச்சத்தை ஊரே கேலி செய்திருக்கிறது. அதை நம்பி ஒரு பொருளைக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்!

ஏழு வருடம் அவர் படுக்கையில் கிடந்தார். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சி புகட்டுவது எல்லாம் நான்தான். வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பையைப் பிரித்து, காகிதங்களை முற்றத்து வெயிலில் சிறிது நேரம் காட்டி, வேப்பிலை மாற்றி, பழையபடி மடித்து வைக்க வேண்டும். கட்டிலில் கிடந்தபடியே அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏளா, பையப் பைய எடு. ஓரம் நைஞ்சு கெடக்கு. ஒன் வீட்டு அப்பளமா அது? அப்படி வெரிக்கே!"

சில நாள் கைநாட்டு வைத்தவர்களின் கதையைச் சொல்லத் தொடங்குவார். யார் விரலை இரண்டு முறை வைத்தது, யார் மையைத் தலைமுடியில் துடைத்தது... எனக்கு உலையில் அரிசி கிடக்கும். "ம்" கொட்டிவிட்டு எழுந்து போய்விடுவேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடம் அந்தத் தாளை வெயிலில் விரித்தவள், ஒருநாள்கூட அதை வாசித்ததில்லை. எழுத்துத் தெரியாதவளா நான்? பத்தாம் வகுப்பு! வெளுத்த மை என்றாலும் தமிழ்தானே? மனம் வைத்திருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை போதும். வாசிக்கவில்லை.

ஐந்தாவது வருடமோ ஆறாவது வருடமோ, திசையன்விளையில் என் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. உடனே வரச் சொல்லித் தம்பி போன் செய்தான். அன்று வெள்ளிக்கிழமை. சேலை மாற்றிக்கொண்டு கிளம்பி நிற்கிறேன். மாமனார் சொன்னார்:

"காயிதத்த ஒரு எட்டு வெயில்ல காட்டி வச்சிட்டுப் போளா. பூச்சி அரிச்சிரும்."

மறுத்துப் பேச எனக்கு எப்போது வந்தது? காட்டினேன். மடித்தேன். வைத்தேன். பாளையங்கோட்டைக்குப் போகிற டவுன் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து, மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. "இப்பதான், கொஞ்சம் முந்தி வரைக்கும் ஒன்னயத்தான் கேட்டா" என்றார்கள். சாயங்காலம் போய்விட்டாள்.

அந்த ஒரு பஸ்ஸைத்தான் நான் மனதில் வைத்துக்கொண்டேன். மாமனார்மேல் கோபப்பட முடியவில்லை. எலும்பும் தோலுமாகக் கிடக்கிற மனிதர்மேல் எப்படிக் கோபப்படுவது? காகிதத்தின்மேல் கோபப்பட்டேன்.

ஏழாவது வருடம் அவரும் போனார். ஒன்பது வருடம் ஆகிறது.

எங்கள் பக்கத்தில் இறந்தவர் படுத்த பாய், தலையணை, உடுத்திய துணி எதையும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. காரியம் முடிந்ததும் மூட்டையாகக் கட்டி ஆற்றில் விட்டுவிடுவோம். மூட்டையைக் கட்டியது நான். தலையணையை அமுக்கியபோது உறைக்குள் பாலிதீன் சரசரத்தது. கையில் நன்றாகத் தட்டுப்பட்டது... மறதி இல்லை. அவசரம் இல்லை. கையை விட்டு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. போர்வையைச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

ஏன்? இந்த ஒன்பது வருடத்தில் அதற்கு எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அம்மா என்று சில நாள் சொல்லிக்கொள்வேன். அலுப்பு என்று சில நாள். இனி ஒரு வெள்ளிக்கிழமைகூட வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான் என்று சில நாள். எது நிஜம்? தெரியவில்லை.

வீட்டுக்காரர் வண்டியை ஓட்ட, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனேன். ஆற்றோடு சிற்றாறு வந்து சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கினோம். அவர் மூட்டையைத் தண்ணீரில் விட்டார். அது மூழ்கவில்லை! கொஞ்ச தூரம் போய், தண்ணீரில் படர்ந்து மிதக்கிற அமலைச் செடியில் சிக்கி நின்றது. அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"உள்ள வேற ஏதும் இருக்கா? முங்க மாட்டேங்குல்லா?"

"ஒண்ணுமில்ல. தலவாணிதான்."

அவர் ஒரு கம்பை எடுத்துத் தள்ளினார். ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடமும் மூட்டை என் கண்ணெதிரே நின்றது. "இருங்க" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்... வாயைத் திறக்காதவள் அல்லவா நான்! மூட்டை நகர்ந்தது. போனது. அப்பாவின் பொருளைத் தன் கையாலேயே தள்ளிவிட்டது அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது.

சில வருடங்கள் நிம்மதியாகவே இருந்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நன்றாகத் தூங்கினேன்.

பிறகு அந்தப் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுத் தண்ணீர் எங்கள் வீட்டு ஜன்னல்வரை ஏறி நின்றது. ரேஷன் கார்டு, மார்க் சீட்டு, கல்யாணப் போட்டோ என்று எல்லார் வீட்டிலும் காகிதம் போனது. எங்கள் இரும்புப் பெட்டிக்குள்ளும் சேறுதான் இருந்தது.

அது வடிந்து சில மாதம் கழித்து சுபா வந்தாள். நாத்தனார் மகள், திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறவள். கையில் ஒரு ஜெராக்ஸ். அவளுடைய ஆசிரியர் ஒருவர் சொல்லித் தேடியதில், டெல்லியில் பழைய கடிதங்களை வைத்திருக்கிற இடத்திலிருந்து கிடைத்ததாம். எங்கள் தெருக் கடிதம்! அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடிவிட்டார்கள். சுபா சத்தமாக வாசித்தாள். கடைசி வரி வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தாள். இதற்குச் சம்மதித்தவர்களின் கைநாட்டு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, கேட்டால் அனுப்பிவைக்கிறோம் என்று எழுதியிருந்தது.

"அத்த, தாத்தா தலவாணிக்குள்ள ஏதோ காயிதம் வச்சிருப்பாவல்லா? நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன். அது எங்க?"

அத்தனை கண்ணும் என் வாயைப் பார்த்தன.

"பெட்டியில வச்சிருந்தேன். வெள்ளத்துல போச்சு."

ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. "இந்த ஆறு எதத்தான் விட்டு வச்சுது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. என் தோளைத் தடவிக்கூடக் கொடுத்தாள்!

அப்போதுதான் சுடலை மாமா முன்னால் வந்தார். எண்பதை நெருங்குகிறவர். தவழ்கிற வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவர். அந்த அப்பாவுக்குப் போட்டோ கிடையாது. இந்தப் பூமியில் இருந்ததற்கு அடையாளமாக ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அப்படி ஒரு தாள் இருந்ததே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

"தாயி... நீ அந்தத் தாளப் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன் மாமா."

"அதுல எங்கய்யா பேரு இருந்துச்சா?"

நான் வாசிக்கவே இல்லை என்று அங்கே எப்படிச் சொல்வது? அந்தக் கிழவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"இருந்துச்சு மாமா."

"எத்தனாவது?"

"மூணாவது வரி."

அவர் விடவில்லை. "ரேகை எப்படி விழுந்திருந்துச்சு? முழுசாவா?"

"கொஞ்சம் சாஞ்சாப்ல. மை சாஸ்தியா."

அவர் தன் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் சாஞ்சுதான் விழும்" என்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பொய்யைச் சொல்லி ஒரு மனிதருக்கு அப்பாவைக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் கேளுங்கள். என் மாமனார் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். தெருவில் இரண்டு பேர் கடைசிவரை விரலைக் கொடுக்கவில்லையாம். யார் அந்த இரண்டு பேர்? அந்த நேரம் நான் உலையைப் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

சுபா போனில் பதிவு செய்துகொண்டாள். மாமனார் வாயால் கேட்டு எனக்கு நினைவிருந்தது ஐந்து பெயர்தான். மற்ற வீட்டுக்காரர்கள் "எங்க தாத்தா? எங்க பூட்டன்?" என்று கேட்கக் கேட்க, ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஒரு வாரம் கழித்து அதை எல்லாம் தட்டச்சு செய்து கொண்டுவந்தாள். தாளை நேரில் கண்டவர் என்று எழுதி, கீழே என் பெயர்.

"ஒரு கையெழுத்துப் போடுங்கத்த. இதுக்கு நீங்க மட்டுந்தான் சாட்சி."

போட்டேன்! எழுத்துத் தெரிந்தவள் அல்லவா? கைநாட்டுக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்து உண்மையாக விரல் வைத்த தாளை ஆற்றில் விட்டுவிட்டு, பொய்த் தாளின் அடியில் அழகாகக் கையெழுத்துப் போட்டேன். இப்போது அது பள்ளிக்கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. டெல்லிக் கடிதத்துக்குப் பக்கத்திலேயே.

போன வாரம் ரேஷன் கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் சுடலை மாமா. கைரேகை மிஷினில் விரலை வைக்கிறார், மிஷின் ரேகையை எடுக்கவில்லை. துடைத்து வைக்கிறார், எடுக்கவில்லை. காலமெல்லாம் நாற்றுப் பறித்துத் தேய்ந்த விரல்.

"அண்ணாச்சி, ஒம்ம ரேக அழிஞ்சு போச்சு வே. வேற வெரல வையும்" என்றார் கடைக்காரர்.

"ஏலே, எங்கய்யா ரேக சட்டத்துக்கே சாட்சி சொல்லிருக்கு. ஒன் டப்பாவுக்குத் தெரியலன்னா நான் என்ன செய்ய?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் திரும்பி என்னைக் காட்டினார்.

"நம்பலன்னா இவகிட்ட கேளு. மூணாவது வரி! கண்ணால பாத்தவ. சொல்லு தாயி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவருடைய அப்பா விரலைக் கொடுத்தவரா, கொடுக்காத இரண்டு பேரில் ஒருவரா... எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.

தலையை ஆட்டினேன். வரிசை நகர்ந்தது. பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மிஷினில் என் பெருவிரலை வைத்தேன். எனக்கு முதல் தடவையே எடுத்துக்கொண்டது.